இரண்டாவதாகக் கேட்டவர்

அஸாமுக்குத் தோற்கத் தெரியும். எங்கள் கண்டக்குழியில் ஏலம் கேட்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மக்காள். ஆனால் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து நின்று, சரியான இடத்தில் வாயை மூடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான்.

முதலில் இந்த ஏலம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் முதல் காய்த்த பூசணி, முதல் வலையில் பட்ட பெரிய பாரை, நேர்ச்சைக்கு விட்ட சேவல் என்று பள்ளிவாசலுக்குக் கொடுப்பதெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் ஏலம் போகும். கொரோனா காலத்தில் பள்ளி பூட்டிக் கிடந்தபோது அந்த ஏலம் ஃபோனுக்குள் போனது. போனது போனதுதான், திரும்பி முற்றத்துக்கு வரவில்லை. காரணம் இருக்கிறது. ஃபோனுக்குள் போனதும் கத்தாரிலும் சவூதியிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினார்கள். பூசணிக்காய்க்கு ஆட்டு விலை வந்தது. வென்றவன் அங்கே வெயிலில் நிற்பான், பூசணி இங்கே ஏதாவது ஏழை வீட்டில் கறியாகும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வட்ஸ்அப் குறூப்பில் பொருளின் படத்தைப் போடுவார்கள். பின்னேரத் தொழுகைக்கு அழைக்கிற அஸர் பாங்கு தொடங்கும்வரை யாரும் விலை கேட்கலாம். பாங்கின் முதல் சொல் காதில் விழுந்த பிறகு வந்த விலை செல்லாது. தொழுகை முடிந்ததும் அன்ஸார் மௌலவி ஒலிபெருக்கியில் பேர் சொல்வார். வென்றவர் பேரை மட்டுமில்லை, அவருக்கு முந்தினவர் பேரையும் சொல்வார். அது எங்கள் ஊர் வழக்கம். "இரண்டாவதாகக் கேட்டவர், கத்தாரிலிருந்து அஸாம். அவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக."

அந்த நேரத்தில் கத்தாரிலிருந்து அஸாம், பள்ளிக்கு நாலாவது வீட்டில், பின்னறைக் கட்டிலில், காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அவன் வேலை செய்த கம்பனி மூடிப்போய் எத்தனையோ மாதம். மற்றவர்களோடு அவனையும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கட்டுநாயக்காவில் இறங்கி, பஸ்ஸில் வந்து, ஊருக்குள் வராமல் பொழுதுபட்டு மஃரிப் ஆகும்வரை சவுக்குத் தோப்பில் காத்திருந்தான். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குள் போனபிறகு கடற்கரைப் பக்கமாக நடந்து வந்து பின்கதவைத் தட்டினான். மாப்பிள்ளையைக் கண்ட பெண்சாதி ஸாஜிதா சந்தோசத்தில் சத்தம் போடப் பார்த்தாள். அவன் அவள் வாயைப் பொத்தினான்.

"ஒருத்தருக்கும் சொல்லாத ஸாஜி. துபாய் விசா ஒண்டு வருது. ரெண்டு கிழமை எண்டு ஏஜென்ட் சொன்னான். வந்த உடனே அப்படியே போயிருவேன். நான் வந்தது ஊருக்குத் தெரியவே தேவையில்ல."

அந்த இரண்டு கிழமை முடிந்து பருவக் காற்றே மாறிவிட்டது. விசா வரவில்லை.

ஏன் இப்படி ஒளிய வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஸாஜிதாவும் கேட்டாள். அவனை ஊர் அனுப்பிய விதம் அப்படி. பள்ளியில் துஆ ஓதி, பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா தன் பெரிய ஸஹன் தட்டில் சோறு போட்டு, வான் நிறைய ஆட்களோடு அனுப்பிவைத்தார்கள். அவனும் சும்மா இருந்தானா? போய்ச் சேர்ந்த வருசமே பள்ளிக்குப் பெரிய சுவர் மணிக்கூடு ஒன்று வாங்கி அனுப்பினான். 'அன்பளிப்பு: அஸாம், கத்தார்' என்று அதன் கீழே தங்க எழுத்தில் இருக்கிறது. "அந்த மணிக்கூட்டுக்குக் கீழ வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது?" என்பான். ஏலத்தில் பேர் வராமல் போனாலும் ஊர் யோசிக்கும் என்று, கத்தார் நம்பர் இருந்த அந்த ஃபோனிலேயே கேட்டுக்கொண்டிருந்தான். கேட்பான், ஏற்றுவான், இன்னொருவன் மேலே போனதும் நிறுத்துவான். பேருக்குப் பேர் வரும், கையை விட்டு ஒன்றும் போகாது.

அவன் ஆண்பிள்ளை, உள்ளே இருந்தான். வெளியே நின்றது ஸாஜிதா.

அந்தப் பின்னறையில் ஒரு ஜன்னல். அதை ஆணி வைத்து அடித்துவிட்டான். கூரைத் தகரம் பகலில் கொதிக்கும். மின்விசிறி போட்டால் சத்தம் கேட்கும் என்று போட மாட்டான். சத்தமில்லாமல் தொழுவான், சத்தமில்லாமல் சாப்பிடுவான். ஆனால் இருமலை என்ன செய்வது? தலையணையில் வாயை அமர்த்திக்கொண்டு இருமுவான். அவனுடைய சாரனைத் துவைத்தால் வெளியே காயப்போட முடியாது. ஸாஜிதா அடுப்படிக்குள் கயிறு கட்டிக் காயவைப்பாள். புகை மணக்கும் சாரனைக் கட்டிக்கொண்டு அவன் அந்த அறைக்குள்ளேயே நடப்பான்.

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் றஹ்மத் உம்மாவின் மகன் நளீமின் வீடு. அவன் பெண்சாதி றைஸாவுக்கு நல்ல காது, அதைவிட நல்ல வாய்.

"என்ன புள்ள, ஒத்தையா இரிக்கிற பொம்புளைக்கு இவ்வளவு மீன் என்னத்துக்கு?"

"பூனைக்கு லாத்தா."

"ஓ, பூனைக்கா? உன்ட பூனை இருமவும் செய்யிது என்ன?"

ஸாஜிதா சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள். "வெளிய வாங்க" என்றாள் அவனிடம். "ஊர் ரெண்டு நாளைக்குச் சிரிக்கும், மூணாம் நாள் மறந்திரும். உங்களப் பத்திச் சிரிச்சா மறப்பாங்க. என்னப் பத்திக் கதைக்கத் தொடங்கினா மறக்க மாட்டாங்க. மாப்பிள்ளை கத்தார்ல, வீட்டுக்குள்ள ஆம்புளைட இருமல் கேக்குது எண்டா அதுக்கு என்ன அர்த்தம்? யோசிச்சுப் பாத்தீங்களா?"

"இன்னும் ஒரு கிழமை" என்றான் அஸாம்.

அந்தக் கிழமையில்தான் றஹ்மத் உம்மா மௌத்தானா, கண்ணை மூடிவிட்டா.

இந்த மனுசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கிய சனத்தோடு அவவும் வந்தா. வயிற்றில் நளீம். நளீம் பிறந்து ஒரு வருசம் கழித்து அஸாம் பிறந்தான். அஸாமைப் பெற்றவ காய்ச்சலில் படுத்துவிட்டா, பால் இல்லை. றஹ்மத் உம்மா ஒரு பக்கம் நளீமையும் மறுபக்கம் அஸாமையும் போட்டுப் பால் கொடுத்தா. எங்கள் மார்க்கத்தில் ஒரு மார்பில் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரித்தான். அஸாமுக்கு அவ பால் கொடுத்த உம்மா, நளீம் அண்ணன் முறை, அதாவது நானா. ஒவ்வொரு நாளும் வேலிக்கு மேலால் கேட்பா: "ஸாஜிதா, என்ட அஸாம் கோல் எடுத்தானா?" உள்ளே இருந்து அவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

மௌத்தான செய்தியும் அவனுக்கு வேலிக்கு மேலால்தான் வந்தது, றைஸாவின் அழுகைச் சத்தமாக. ஸாஜிதா ஓடினாள். அவன் எழும்பினான், கதவுவரை வந்தான், மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்தான். அஸருக்குப் பிறகு ஜனாஸாவைத் தோளில் சுமந்துகொண்டு அவன் வீட்டு வாசலைக் கடந்துதான் போனார்கள். அன்றைக்கு இருமல்கூட வரவில்லை அவனுக்கு.

றஹ்மத் உம்மாவிடம் பெரிய செம்பு ஸஹன் ஒன்று இருந்தது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற தட்டு. ஊரில் எந்தக் கலியாணம் என்றாலும் மாப்பிள்ளையின் சோறு அதில்தான். அது பள்ளிக்குச் சேர வேண்டும் என்று மௌத்துக்கு முதலே சொல்லிவிட்டா. நளீம் தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை நளீம். ஆனால் உம்மாவின் நாற்பதாம் நாள் ஓதுகிற கத்தத்துக்கு அந்த ஸஹனில் சோறு வைக்க வேண்டும், அதற்காக ஏலத்தில் எடுத்துவிட வேண்டும் என்று மனதில் வைத்திருந்தான்.

அடுத்த வெள்ளி குறூப்பில் ஸஹனின் படம் வந்தது. கடற்கரை லொட்ஜ் மனேஜர் ஒருவர் முதலில் கேட்டார். பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற லொட்ஜ். அங்கே சுவரில் மாட்டப் போகிறாராம். நளீம் இருபதாயிரம் என்று போட்டான்.

பின்னறையில் அஸாம் ஃபோனைக் கையில் எடுத்தான்.

"வேணாம்" என்றாள் ஸாஜிதா. "இதுல வேணாம்."

"லொட்ஜ்காரன் விட மாட்டான் ஸாஜி. எப்படியும் அவன் மேல போவான். றஹ்மத் உம்மாட சாமானுக்கு அஸாம் ஒண்டும் கேக்கல்ல எண்டா ஊர் என்ன சொல்லும்?"

இருபத்தைந்து என்று போட்டான். உடனே 'மாஷா அல்லாஹ் கத்தார்!' என்று பத்துப் பேர் எழுதினார்கள். லொட்ஜ்காரன் முப்பது. நளீம் முப்பத்தைந்து. அஸாம் நாற்பது. அதோடு லொட்ஜ்காரன் விலகிக்கொண்டான். அவனுக்குச் சுவரில் மாட்ட வேறு தட்டுக் கிடைக்கும்தானே.

அங்கேயே அஸாம் நின்றிருக்க வேண்டும். நளீம் நாற்பத்தைந்து என்று போட்டபோதாவது நின்றிருக்க வேண்டும். ஆனால் குறூப் முழுக்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'தம்பியும் நானாவும் உம்மாட ஸஹனுக்குப் போட்டி' என்று யாரோ அழுகிற முகம் போட்டு எழுதினார்கள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவன் விரல் போனது. ஒவ்வொன்றுக்கும் நளீம் மேலே வந்தான். எழுபதுக்கு அஸாம் வந்தபோது ஸாஜிதா ஃபோனைப் பறித்தாள். அந்த நேரம் நளீமின் எழுபத்தைந்து வந்து விழுந்தது. பாங்கும் கேட்டது.

தோற்றுவிட்டான். வழக்கம்போலத்தான், ஆனால் அன்றைக்கு அவன் முகத்தில் சந்தோசம் இல்லை.

மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி வேலிக்கு அந்தப் பக்கம் நளீமின் குரல் கேட்டது. யாரோடோ கதைக்கிறான் என்று நினைத்தார்கள். "தம்பி, நீ ஏன் கேட்டாய் எண்டு எனக்கு விளங்குது. உனக்கும் பால் தந்தவதானே. ஜனாஸாவுக்கு வரக் கிடைக்கல்ல எண்டு உன்ட மனசு என்ன பாடு படும்? கோவிச்சுக்கொள்ளாத. ஸஹன் என்ட வீட்டில இரிந்தாலும் அது உனக்கும்தான். நீ லீவில வரக்குள்ள முதல் சோறு அதுலதான், சரியா?" பிறகு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. அஸாமின் கையிலிருந்த ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. நளீமின் வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

அவன் அதைத் திறக்கவில்லை. கேட்டதை எதற்கு இன்னொரு தரம் கேட்பது?

இனி நளீமின் பாட்டைக் கேளுங்கள். எழுபத்தைந்தாயிரம் அவன் கையில் இல்லை. கடல் கொந்தளிப்பு, ஒரு கிழமையாக வள்ளம் இறங்கவில்லை. கடல் அடங்கட்டும், தந்துவிடுகிறேன் என்று பள்ளித் தலைவர் தாஹிர் ஹாஜியாரிடம் போய்ச் சொன்னான். ஹாஜியார் கெட்ட மனுசன் இல்லை. அவசரக்காரன். ஹவ்ளுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டர் எரிந்துபோய்க் கிடந்தது, ஆட்கள் வாளியால் அள்ளித் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார்கள். நளீமிடம் "ஓம் ஓம், பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு மௌலவியைக் கூப்பிட்டார்.

"மௌலவி, ரெண்டாவது கேட்டது அஸாம்தானே. அவனுக்குச் சொல்லுவோம். எழுபதுக்கே எடுக்கட்டும். கத்தார்க் காசு, நாளைக்கே வந்திரும்."

மௌலவி வயதில் இளந்தாரி. ஹாஜியார் வைத்த வேலையில் இருப்பவர். இருந்தாலும் சொன்னார். "ஹாஜியார், ஏலம் நளீம் நானாட கையில முடிஞ்சிட்டு. அவர் வேணாமெண்டு சொல்லல்ல. அவருக்குத் தெரியாம அடுத்த ஆளுக்கு ஃபோன் எடுக்கிறது சரியில்ல. ஒருத்தர்ட வியாபாரத்துக்கு மேல போய் வியாபாரம் செய்யிறது ஹதீஸ்ல தடுத்த விசயம்."

"நான் விக்கவா போறேன்? கேக்கத்தானே போறேன்."

"கேக்கிறதும் பிழைதான். தோத்த ஆள் தோத்த இடத்திலேயே நிம்மதியா இரிக்கலாம். அவர்ட கதவ நாங்க ஏன் தட்டணும்?"

"நீங்க தொழுகையப் பாருங்க மௌலவி, மோட்டர நான் பாக்குறேன்" என்றார் ஹாஜியார். மௌலவி எழும்பிப் போனார். அவர் இருக்கிற வீட்டுக்கு வாடகை கொடுப்பதும் அந்த ஹாஜியார்தான்.

அன்றைக்கு மத்தியானம் லுஹருக்குப் பிறகு அஸாமின் ஃபோன் அதிர்ந்தது. கட்டிலில் ஸாஜிதாவும் பக்கத்தில் இருந்தாள். சத்தத்தைக் குறைத்து இருவரும் காதை வைத்துக் கேட்டார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அஸாம் மகன், சுகம்தானே? ஸஹன் விசயம். நளீமுக்குக் காசு தோதுப்படல்ல போல தெரியிது. நீங்க ரெண்டாவது. நீங்க கேட்ட எழுபதுக்கே அது உங்களுக்கு. நளீமுக்கு இன்னும் சொல்லல்ல. நீங்க ஓம் எண்டு ஒரு சொல் சொன்னா நான் அவனோட கதைச்சுக்கொள்றேன். அல்லாஹ் உங்களுக்குத்தான் அத எழுதியிரிக்கான் போல."

அஸாம் ஃபோனைத் தலையணையில் வைத்தான். அது குழந்தையைப் போல அங்கே கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஓம் எண்டா காசுக்கு எங்க போறது?" என்றான் மெதுவாக. "இல்ல எண்டா, அப்ப ஏன்டா எழுபதுவரைக்கும் ஏத்தினாய் எண்டு கேப்பாங்க. சும்மா நிண்டு விலை ஏத்திவிடுறது ஹறாம் எண்டு மௌலவி குத்பாப் பிரசங்கத்திலேயே சொல்லியிரிக்கார்."

"ஓம், நீங்களும் கேட்டீங்கதானே, இங்க இரிந்து. ஒலிபெருக்கி நல்லாக் கேக்கும்தானே."

"குத்திக் காட்டாத ஸாஜி."

"எல்லாரும் வெண்டு மாட்டுவாங்க. நீங்க தோத்து மாட்டியிரிக்கிறீங்க." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அஸாம் பதில் போடவில்லை. பேசாமல் இருந்தால் ஹாஜியார் மறந்துவிடுவார் என்று நினைத்தான். ஆனால் அந்த ஃபோனில் ஒரு வேலை இருக்கிறது. நாம் கேட்டோம் என்றால் அனுப்பினவருக்கு நீல நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஹாஜியார் பார்த்தார். கேட்டிருக்கான், பதில் இல்லை. இன்னொன்று அனுப்பினார். அதையும் அஸாம் கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுபடி நீலம். கோல் எடுத்தார். அஸாமின் கையில் ஃபோன் துடித்து அடங்கியது. எப்போதும் அவன் அதைச் சத்தமில்லாமல்தான் வைத்திருப்பான்.

அன்று பின்னேரம் ஸாஜிதாவின் ஃபோனுக்கு ஹாஜியார் எடுத்தார். "மகள், அஸாமோட ஒரு அவசரக் கதை. எடுக்கிறானில்ல. சுகமில்லையா என்ன? நாளைக்குக் காலையில நான் வீட்டுக்கு வாறேன். நீங்க எடுத்துத் தாங்க, உங்கட கோலுக்கு எடுப்பான்தானே."

"வாங்க ஹாஜியார்" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

அதே பின்னேரம் கிணற்றடிக்குப் போனாள். றைஸா அங்கே இரண்டு பெண்களோடு நின்றாள். ஸாஜிதா வந்ததும் கதை நின்றது. அவள் வாளியை இறக்கினாள், இழுத்தாள், குடத்தை நிறைத்தாள். திரும்பிப் போகும்போது முதுகுக்குப் பின்னால் ஒருத்தி கேட்டாள், "அந்தப் பூனை கறுப்பா வெள்ளையா றைஸா?" மற்றவள் சிரித்தாள். குடத்துத் தண்ணீர் பாதி வழியிலேயே சிந்திப்போனது.

வீட்டுக்கு வந்து அவனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஒரு கிழமை என்பான்.

காலையில் அவள் அவனுக்கு பிளேன்டித் தேநீர் கொண்டுபோனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "ஹாஜியார் வந்தா, எனக்கு மெசின்ல மாட்டிக் கையில அடி எண்டு சொல்லு. ஆசுபத்திரியில இரிக்கேன், கதைக்க ஏலாது எண்டு சொல்லு."

"உசிரோட இரிக்கிற மனுசனுக்கு நான் என்ட வாயால அடி குடுக்கணுமா?"

"இந்த ஒரு தரம் மட்டும் ஸாஜி."

அவள் கோப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். தலையணைப் பக்கத்தில் ஃபோன் கிடந்தது. அதைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் இருக்கிற பொத்தானை அமர்த்தி, சத்தம் முழுக்க ஏறும்வரை விரலை எடுக்காமல் இருந்தாள். பிறகு கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாஜியார் வந்தார், பின்னால் மௌலவி. முற்றத்தில் கதிரை போட்டாள். அவர் உட்காரவும் வேலி வாசல் கடப்பைத் தள்ளிக்கொண்டு நளீம் வந்தான். கரையிலிருந்து நேரே வந்திருக்கிறான், சாரனில் உப்புத் தண்ணீர் சொட்டியது. முந்தின இரவு மௌலவிக்குத் தூக்கம் வரவில்லையாம். விடியற்காலை சுபஹுக்கு நளீமிடம் விசயத்தைச் சொல்லிவிட்டார். இப்போது அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹாஜியார்," என்றான் நளீம், "நான் இல்லையெண்டா சொன்னேன்? கடல் அடங்கட்டும் எண்டுதானே சொன்னேன். எனக்கு ஒரு சொல் சொல்லாம எப்படி அவன்ட்டப் போவீங்க?"

"இரி நளீம், சூடாகாத. அவன் எடுத்தாலும் உன்ட தம்பிதானே எடுக்கிறான்."

"அவன் எடுக்கிறது எனக்குச் சந்தோசம். என்னத் தாண்டிப் போய்க் கேட்டீங்களே, அதுதான் தாங்க ஏலாம இரிக்கி."

"சரி, இப்ப எல்லாரும் இரிக்கோம். ஒளிவுமறைவு என்னத்துக்கு? அவன்ட்டயே கேப்போம்." ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "மகள், நீங்க எடுக்கிறீங்களா?"

"நீங்களே எடுங்க" என்றாள் ஸாஜிதா.

அவர் எடுத்தார்.

பின்னறையில் ஃபோன் கத்தியது. மக்காள், அது சாதாரணச் சத்தமில்லை. கத்தாரில் மெசின் ஓடுகிற இடத்தில் கேட்க வேண்டும் என்று அவன் வைத்திருந்த சத்தம். அஸாம் துடித்து எழும்பி அதைத் தலையணைக்குள் அமுக்கினான். கோப்பை விழுந்து உடைந்தது. தலையணைக்குள்ளிருந்தும் அது கத்தியது. ஹாஜியார் தன் காதிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார், அணைத்தார். உள்ளேயும் நின்றது. மறுபடி எடுத்தார். உள்ளேயும் தொடங்கியது.

வேலிக்கு மேலால் றைஸாவின் தலை தெரிந்தது. "பூனைக்கு ஃபோனும் இரிக்கி போல" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"மகள்," ஹாஜியாரின் குரல் மாறிவிட்டது. "உள்ளுக்கு யாரு?"

ஸாஜிதா முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டாள். "கூப்பிட்டது நீங்கதானே ஹாஜியார். வருவாங்க" என்றாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமல், கொஞ்சம் உரத்து, உள்ளே கேட்கும்படி: "வராட்டி நான்தான் பதில் சொல்லணும். என்ன பதில் சொல்றது எண்டு எனக்குத் தெரியல்ல."

நளீமின் கண் சிவந்துவிட்டது. தம்பியின் வீட்டுக்குள் எவன் என்று அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். மௌலவி அவன் தோளைப் பிடித்தார்.

கதவு திறந்தது.

முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்து, தோல் வெளுத்து, கண்ணைக் கூசிக்கொண்டு, சாரனை ஒரு கையால் பிடித்தபடி நிலையில் நின்றான். வெயிலைக் கண்டதும் இருமல் வந்தது. அதை அமுக்கத் தலையணை இல்லை. நன்றாக இருமி முடித்தான்.

"றைஸா, ஆள் யாரெண்டு பாத்துக்கொண்டாயா?" என்றாள் ஸாஜிதா. அக்கா முறைக்கு லாத்தா என்று சொல்லவில்லை. முற்றத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"ஹாஜியார்," என்றான் அஸாம், "நான் கத்தார்ல இல்ல. கம்பனி மூடி வந்து கனநாள். எழுபதும் இல்ல, ஏழும் இல்ல என்ட்ட. நான் கேட்டதெல்லாம் சும்மா கேட்டது. நளீம் நானா இருபது எண்டு கேட்டார். அதுக்கு மேல ஏத்தினது லொட்ஜ்காரனும் நானும். லொட்ஜ்காரன் உண்மையா முப்பது கேட்டான். அதுக்கு மேல போனதெல்லாம் என்ட பொய்."

"யா அல்லாஹ்" என்றார் ஹாஜியார். கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப அந்தப் பூசணி? அந்தச் சேவல்?"

"அதெல்லாமும்தான்."

மௌலவி மெதுவாகச் சொன்னார்: "பொய்க் கேள்விய எடுத்திட்டா, லொட்ஜ்காரர்ட முப்பதுக்கு மேல நளீம் நானா கேட்ட முப்பத்தஞ்சுதான் நிக்கிது. ஸஹன் அவருக்கு." சொல்லிவிட்டு ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் மறுத்துப் பேசவில்லை. தானும் கதவு தட்டப்போன ஆள்தானே.

நளீமுக்கு இது ஒன்றும் காதில் விழவில்லை. அவன் அஸாமையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வந்தாய்?"

அஸாம் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"உம்மா மௌத்தாகக்குள்ள நீ இங்கயா?"

"ஓம் நானா."

"ஒவ்வொரு நாளும் வேலியில நிண்டு கேட்டாவே. நீ உள்ளுக்கு இரிந்து கேட்டுக்கொண்டா இரிந்தாய்?"

"ஜன்னல்ல ஆணி கழண்ட ஓட்டை ஒண்டு இரிக்கி. அதால பாத்தேன். உம்மாவத் தூக்கிப்போன சந்தூக்குட கால் ஒண்டு மட்டும் தெரிஞ்சிச்சு. உள்ளுக்குத் தனியா நிண்டு தொழுதேன்."

"தனியா" என்றான் நளீம். திரும்பி நடந்தான். போகும்போது கடப்பைச் சாத்திவிட்டுப் போனான், வழக்கமாகத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவன்.

ஊர் சிரித்தது. இரண்டு நாளோடு அது நிற்கவில்லை. பள்ளிக்குப் போன முதல் நாள் அவனுடைய மணிக்கூட்டுக்குக் கீழேயே அஸாமுக்கு இடம் கிடைத்தது. வேண்டுமென்றே விட்டார்களோ என்னவோ. குறூப்பிலிருந்து அவன் பேரை எடுக்கவில்லை. ஆனால் அவன் ஏதாவது எழுதினால் யாராவது பூனைப் படம் ஒன்றைக் கீழே போடுவார்கள். நளீமின் வீட்டுப் பக்கம் மூன்று தடவை போய், மூன்று தடவையும் வேலியோடு திரும்பினான். ஸாஜிதா மட்டும் அந்த முதல் நாள் பின்னேரமே அவனுடைய சாரன் எல்லாவற்றையும் துவைத்து, றோட்டால் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி முன்பக்கக் கயிற்றில் வரிசையாகக் காயப்போட்டாள்.

நாற்பதாம் நாள் கத்தம் வந்தது. நளீம் ஸஹனை எடுத்துவிட்டான். லொட்ஜ்காரனுக்கு மேல் நின்ற விலைக்குத்தான். ஓதி முடிந்து நளீமின் வீட்டுப் பந்தலில் பாய் விரித்தார்கள். ஒவ்வொரு ஸஹனுக்கும் ஆறு பேர். செம்பு ஸஹன் நடுவில். அதில் நளீம், ஹாஜியார், மௌலவி, இன்னும் இரண்டு பேர்.

அஸாமை யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவன் கடப்படியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே போகவும் ஏலாமல், திரும்பவும் ஏலாமல், பின்னறைக் கதவடியில் நின்ற மாதிரியே நின்றான்.

நளீம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கை சோற்றில் இருந்தபடியே இடது முழங்காலைக் கொஞ்சம் உள்ளே மடக்கினான். ஒரு ஆள் உட்காருகிற இடம் வந்தது.

அஸாம் வந்து உட்கார்ந்தான். தன் பக்கத்துச் சோற்றில் கையை வைத்தான். பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அடுப்படியிலிருந்து றைஸாவின் குரல் வந்தது. "பூனைக்கும் வச்சிட்டீங்களா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஹாஜியாரின் வயிறு குலுங்கியது. அஸாமின் காது சிவந்து, தலை இன்னும் கீழே போனது. இந்தப் பேர் இனி அவனோடுதான் இருக்கும், எந்த விசா வந்தாலும்.

நளீம் சிரிக்கவில்லை. இறைச்சித் துண்டொன்றை எலும்பிலிருந்து பிய்த்து, ஸஹனில் அவன் பக்கம் தள்ளிவிட்டான்.